நாற்பது பேரும் இடப்பக்கமே விழுந்தார்கள்

மத்தியானக் காட்சி. மல்டிபிளெக்ஸ் ஏசி நேராக முட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. என் மனைவி சரோஜா புடவைத் தலைப்பை இழுத்து இரண்டு கையையும் மூடிக்கொண்டு, "இன்னாங்க, படம் பாக்க வந்தமா, ஐஸ் ஃபேக்டரிக்கு வந்தமா?" என்றாள்.

எங்கள் பேரன் விக்கிதான் டிக்கெட் போட்டிருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. "தாத்தா, நீங்க கராத்தே பட வெறியர் இல்ல? இது இன்டர்நேஷனல் லெவல்" என்று கூட்டிக்கொண்டு வந்தான்.

படம் எப்படி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்காதீர்கள்.

ஹீரோ பனிமலைக்குப் போகிறார். ஒரு மொட்டைத் தலைக் கிழவர் ஒரே பாட்டில் அவருக்கு எல்லா வித்தையும் கற்றுக்கொடுத்துவிடுகிறார். அப்புறம் ஒரு ஊர் வருகிறது. அது எந்த ஊர் என்று எடுத்தவருக்கே தெரியாது. போர்டு எல்லாம் இங்கிலீஷ், ஆள் எல்லாம் நம்ம ஆள். உச்சி வெயிலில் தோல் கோட்டு போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். வானத்தில் ஓட்டை விழுந்து அதிலிருந்து நீல வெளிச்சம் கொட்டுகிறது. ஹீரோ கோபுரம் மாதிரிக் கட்டடத்திலிருந்து குதித்து, ஒற்றை முட்டியைத் தரையில் ஊன்றி, மெதுவாகத் தலையைத் தூக்குகிறார்.

"வெள்ளைக்காரப் படத்துல எல்லா ஹீரோவும் இப்படித்தான் தாத்தா லேண்ட் ஆவாங்க" என்றான் விக்கி.

வெள்ளைக்காரனாகவே இருக்கட்டும். அவ்வளவு உயரத்திலிருந்து ஒற்றை முட்டியில் இறங்கினால் முட்டிச்சில்லு தேங்காய்ச்சில்லு மாதிரித் தெறிக்கும். விழுகிற விஷயத்தில் என்னிடம் யாரும் கதைவிட முடியாது. இந்தப் பெங்களூரில் எந்த ஸ்கூல் பிள்ளை, எந்த கராத்தே கிளாஸ் பையன், எந்த ஜிம்மில் எவன் கவிழ்ந்து விழுந்தாலும், பாதிக்குப் பாதி அது என் கம்பெனி மாணிக்கம் மேட்ஸ் தைத்த மெத்தைமேல்தான். மூணாங்கிளாஸோடு நின்ற எனக்கு, பீனியாவில் இருக்கிற என் தொழிற்சாலையில், இஞ்சினியருக்குப் படித்த பத்துப் பேர் வணக்கம் வைக்கிறார்கள். அந்தக் கதையை இந்தத் தொடரில் போன வாரங்களில் படித்திருப்பீர்கள்.

சரோஜா தூங்கிவிட்டாள். நானும் கண்ணை மூடப் போனேன். அப்போதுதான் அந்தச் சண்டை வந்தது.

முகமூடி

கறுப்புத் துணியால் முகத்தை மூடிய நாற்பது பேர், வழவழ கல்தரையில், ஹீரோவைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தர் ஒருத்தராக வந்து உதை வாங்கினார்கள்.

முதல் ஆள் வலப்பக்கத்திலிருந்து உதை வாங்கி இடப்பக்கம் விழுந்தான். சரி. இரண்டாவது ஆள் இடப்பக்கத்திலிருந்து உதை வாங்கினான். அவன் வலப்பக்கம்தானே போக வேண்டும்? காற்றிலேயே உடம்பை முறுக்கித் திரும்பி இடத்தோளில் விழுந்தான். மூன்றாவது ஆளும் இடப்பக்கம். நான்காவதும்.

முன்வரிசையில் ஒரு பையன் கூவினான்: "மச்சா, எல்லாருக்கும் ஒரே பக்கம்தான் பேலன்ஸ் அவுட்டு!" தியேட்டரே சிரித்தது.

"காப்பி பேஸ்ட் தாத்தா" என்றான் விக்கி. "ஒருத்தன எடுத்து கிராஃபிக்ஸ்ல நாப்பதாக்கிட்டாங்க. சீப்பு."

நான் சிரிக்கவில்லை. நான் வலது கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழும்போது ஒவ்வொருத்தனும் வலது உள்ளங்கையை இடுப்புக்குப் பின்னால், முதுகெலும்பின் மேல் வைத்துக்கொண்டான். அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரத்துக்குத் துணி பிடிக்கிற மாதிரி.

உலகத்தில் ஒரே ஒருத்தன்தான் அப்படி விழுவான். அவன் அப்படி விழக் காரணம் நான்.

ஓடு உடைத்த காலம்

அவன் பெயர் எத்திராஜ். எத்தி என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். எனக்கு ஒரு வயது சின்னவன். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தும் அவர்கள் சந்தும் முதுகோடு முதுகு ஒட்டியவை. அவன் வீட்டில் மீன் வறுத்தால் என் வீட்டில் இரண்டு கை சோறு அதிகம் இறங்கும்.

டென்ட் கொட்டகையில் கராத்தே படங்கள் வந்த காலம் அது. மூக்குச் சப்பையான ஆட்கள் 'ஹூ', 'ஹா' என்று பறப்பார்கள். ஒரு பேச்சும் எங்களுக்குப் புரியாது, தேவையும் இல்லை. படம் விட்டு வந்ததும் பையன்கள் எல்லாம் மங்களூர் ஓட்டைக் கையால் உடைக்கப் போய்விடுவார்கள். ஓடு எங்கிருந்து வரும்? அவனவன் வீட்டுக் கூரையிலிருந்துதான். அந்த வருஷம் மழைக்கு எங்கள் பேட்டையில் ஒழுகாத வீடு கிடையாது. அடி கொடுத்த அம்மாக்களின் கைதான் உண்மையில் கராத்தே கை.

எத்திக்கு உடைக்கிறதில் ஆசை இல்லை. விழுகிறதில்தான் ஆசை.

"அடிக்கிறவன எல்லாரும் பாக்கறான் மாணி. வுழறவன் ஒழுங்கா வுழுந்தாதான் அடிச்சவனுக்கு மரியாத. யோசிச்சுப் பாரு."

இதைச் சொன்னபோது அவனுக்குப் பதினெட்டு வயசு இருக்கும். நான் அப்போது ஒக்கலிபுரத்தில், ரயில் சத்தத்தில் சுவர் அதிர்கிற ஒரு கொட்டடியில், பழைய கோணிச் சாக்கு வாங்கித் தைத்து விற்றுக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்தெல்லாம் சாக்கில் மைபோட்டு அடித்திருந்த எழுத்துதான். சர்க்கரைச் சாக்கில் பெரிதாக ஒரு 'E' இருக்கும்; இன்றைக்கும் அந்த எழுத்தைப் பார்த்தால் சர்க்கரை வாசனை வரும்.

அவன் விழுவதற்காக நான் ஒரு மெத்தை தைத்தேன். என் முதல் மெத்தை. இரண்டு பெரிய சாக்கைப் பிரித்து, நடுவில் சணல் கயிற்றால் இணைத்து, உள்ளே தேங்காய் நாரும் கந்தலும் திணித்தேன். மொட்டை மாடியில் போட்டதும் எத்தி ஓடிவந்து குட்டிக்கரணம் அடித்து விழுந்தான். எழுந்து முதுகைத் தடவிக்கொண்டான்.

"மாணி, நடுவுல தையல் கட்டைவெரல் தடிமன் இருக்கு. நேரா முதுகுல குத்துது. பிரிச்சு ஓரத்துக்குத் தள்ளுடா."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விடிய விடிய விரல் கிழியத் தைத்தது நான்.

"மெத்தைல ஒரு கொறையும் இல்ல. ஒனக்கு வுழத் தெரில."

அவன் சிரித்தான். "ஆய்த்து குரு", சரிப்பா என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, தையலை விட்டு ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி விழப் பழகிக்கொண்டான். தப்பித்தவறி நடுவுக்குப் போனால் முதுகெலும்பைக் காக்க வலது உள்ளங்கையைப் பின்னால் கொடுத்தான். மாடியில் அவனிடம் கற்றுக்கொள்ள வந்த பையன்களுக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்தான். ஒருத்தனிடமும் மெத்தை சரியில்லை என்று சொல்லவில்லை. "நடுவுல வுழாதீங்கடா" என்பான், அவ்வளவுதான்.

என் கௌரவத்துக்காக ஒரு பேட்டைப் பையன்கள் மொத்தமும் இடப்பக்கம் விழுந்தார்கள். அது எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. என்ன செய்ய?

கல்குவாரி

சில வருஷம் கழித்து ஊருக்கு வெளியே ஒரு கல்குவாரியில் ஷூட்டிங் வந்தது. அதுவும் வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து எடுத்த சண்டைப் படம்தான். கறுப்பு டிரஸ், கறுப்பு முகமூடி, மே மாத வெயில். ஈயடித்தான் காப்பி இன்றைக்கு நேற்று வந்த வியாதி இல்லை. படம் ஓடவில்லை. பெயர்கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஹீரோவுக்குப் பதிலாக ஷெட் கூரையிலிருந்து விழுவது எத்தி. கீழே விரிக்கிற மெத்தை என்னுடையது, அதே நடுத்தையலோடு. எனக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். இது நன்றாகப் போனால் ஊரில் எந்த ஷூட்டிங்குக்கும் மாணிக்கம் மெத்தைதான் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் சொல்லியிருந்தார். நான் அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

எத்தி மேலே ஏறி நின்றான். கேமராக்காரர் கத்தினார்: "இடப்பக்கம் சாஞ்சா ஃப்ரேமை விட்டுப் போயிடுவே! நட்ட நடுவுல விழணும்!"

எத்தி கேமராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். முகமூடிக்குள்ளிருந்து இரண்டு கண்.

அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'நடுவில் தையல் இருக்கிறது சார், ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கலாம்' என்று. மெத்தையை நகர்த்தினாலே போதும், இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அதைச் சொன்னால் என் மெத்தையில் குறை இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் ஆகிவிடும்.

"வுழு எத்தி! ஒண்ணும் ஆவாது!" என்று கத்தினேன்.

விழுந்தான். நட்ட நடுவில்.

சத்தமே வித்தியாசமாக இருந்தது. மெத்தையில் விழுந்தால் 'தொப்' என்று கேட்க வேண்டும். அது அப்படிக் கேட்கவில்லை.

அவனால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கதவுப் பலகையில் படுக்கவைத்து நாலு பேர் தூக்கினார்கள். மேனேஜர் என்னிடம் வந்து, "கோளாறு மெத்தைலயா, ஆள்லயா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "மெத்தைல ஒண்ணும் இல்ல சார். அவனுக்குத்தான் வுழத் தெரில."

பலகை அப்போது என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எத்தியின் முகமூடியைக் கழற்றியிருந்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் எழுதியது

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் நான் ஒரே ஒரு தடவை போனேன். வார்டு வாசல் வரைக்கும். கையில் சாத்துக்குடி. நர்சம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஒரு நாள் காலை ஒக்கலிபுரம் கொட்டடி வாசலில் நிழல் விழுந்தது. எத்தி. உடம்பு இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. தைத்துக்கொண்டிருந்த மெத்தையில், நடுத்தையல் மேல், உள்ளங்கையை வைத்துக் கோடி வரைக்கும் தடவினான்.

"ஆமா மாணி" என்றான். "எனக்குத்தான் வுழத் தெரில."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவன் டீ கேட்கிற மாதிரிச் சொன்னான். பிறகு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடந்து போனான்.

அன்றைக்கே எல்லா மெத்தையையும் பிரித்தேன். நடுத்தையலை எடுத்துவிட்டு ஓரத்தில் போட்டேன். அதுதான் ஊரெல்லாம் பேர் வாங்கின 'நடுவில் தையல் இல்லாத மாணிக்கம் மெத்தை'. மூன்று வாரத்துக்கு முன் இதே பக்கத்தில், அந்த யோசனை எனக்கு ஒரு விடியற்காலைக் கனவில் வந்ததாக எழுதியிருந்தேன். நிறையப் பேர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். அது பொய். மன்னிக்க வேண்டும். யோசனை எத்தியுடையது. அவன் சொன்னதை நான் கேட்டது மட்டும் லேட்.

அவனைப் பற்றிக் காற்றுவாக்கில் செய்தி வரும். சென்னையில் பார்த்தேன் என்பார்கள், ஹைதராபாத் என்பார்கள். ஒருத்தன் செத்துவிட்டான் என்றான். அதை மட்டும் கொஞ்ச நாள் நம்பிப் பார்த்தேன். நம்பினால் மன்னிப்புக் கேட்கிற வேலை மிச்சம் இல்லையா? ஆனால் தொழிற்சாலையில் ஒவ்வொரு தடவை புது மெத்தையைச் சோதிக்கும்போதும், 'எத்தி வந்து இதில் ஒரு தடவை விழுந்தால் நன்றாயிருக்கும்' என்று தோன்றிவிடும். செத்தவனைப் பற்றி அப்படித் தோன்றாது.

ரயில் மாதிரி ஓடின பெயர்கள்

படம் முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. திரையில் இங்கிலீஷில் பெயர்கள் ஓடின. நான் எத்திராஜின் 'E' எழுத்தை மட்டும் தேடினேன். கண்ணில் தண்ணீர் நின்றதில் எல்லாப் பெயரும் ஒரே பெயராகத் தெரிந்தது. துடைப்பத்தோடு வந்த ஆள், "முகீத்து சார், ஹோகி" என்றார், முடிந்துவிட்டது, கிளம்புங்கள் என்று.

மறுநாள் மறுபடி போனேன். சரோஜா எஸ்எஸ்எல்சி, இங்கிலீஷ் படிப்பாள். அவளையும் இழுத்துக்கொண்டு.

"இந்தக் கண்றாவிய ரெண்டாவது வாட்டி பாக்க ஒங்களுக்கு இன்னா பைத்தியமா?"

"எத்தி பேரு வருதான்னு பாரு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை நான் இரண்டு தடவை உச்சரித்திருப்பேன், இரண்டும் ஜுரத்தில். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசிப் பெயர் வரைக்கும் படித்தாள். மூன்றாம் தடவையும் வந்து படித்தாள். மூன்றாம் தடவை அந்தத் துடைப்பக்கார ஆளும் கூட நின்று தேடினார்.

எத்திராஜ் இல்லை.

"இல்லீங்க" என்றாள், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. "கேமராமேன் டிரைவர் பேருகூட போட்டிருக்கான். இவரு பேரு இல்ல."

ஸ்பீக்கரில் ஒரு குரல்

விஷயம் தெரிந்ததும் விக்கி போனில் தேடு தேடென்று தேடி, முகமூடி நாற்பதில் ஒருத்தரைப் பிடித்துவிட்டான். ஓசூர்க்காரர், தமிழ்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையல்கட்டில், ஸ்பீக்கரில் போட்டான். சரோஜா மிக்ஸியை நிறுத்தினாள்.

"விழறதுக்கு மட்டும் ஒரு வயசானவரு வந்தாரு ஐயா" என்றது அந்தக் குரல். "பேரு தெரியாது. பெரியவர்னு கூப்டுவோம். பத்து நாள் கத்துக்குடுத்தாரு."

"எப்படி நடப்பாரு?"

"கொஞ்சம் இடப்பக்கம் சாஞ்சாப்ல."

சரோஜா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த ஊர்ல கத்துக்குடுத்தாரு தம்பி?"

"பெங்களூர்தான் ஐயா. ஒசகோட்டே ரோட்ல ஒரு ஷெட்டு."

அங்கேயிருந்து எங்கள் ஸ்ரீராம்புரத்துக்கு ஒரு பஸ் மாறினால் போதும். பத்து நாள் அவன் அங்கே இருந்திருக்கிறான். நான் இங்கே காப்பி குடித்துக்கொண்டு என் பெருமையை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

குரல் தானாகவே மேலே சொன்னது. "மொத நாளு மெத்தையப் புரட்டிப் பாத்தாரு. ஓரத்துல கம்பெனி பேர் தச்சிருக்கும் இல்ல, மாணிக்கம் மேட்ஸ்னு. அதையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் நடுவுல உள்ளங்கைய வச்சு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் தடவினாரு. சிரிச்சாரு."

"அப்புறம்?"

"அப்புறமும் நடுவுல விழக்கூடாதுன்னுட்டாரு. டைரக்டர் திட்றாரு, எல்லாரும் ஒரே பக்கம் விழறீங்கன்னு. இவரு கேக்கல. நாங்களே கேட்டோம், மெத்தைதான் சமமா இருக்கே பெரியவரே, அப்புறம் இன்னான்னு. அதுக்கு அவரு, 'நடுவுல என் சிநேகிதன் ஒருத்தன் தையல் போட்டிருக்கான். ஒங்க கண்ணுக்குத் தெரியாது. அதுமேல வுழாதீங்க'ன்னாரு."

விக்கி போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் குழாயைத் திறந்து முகம் கழுவினேன்.

பத்தாம் நாள் அவன் பஸ் ஏறிப் போய்விட்டானாம். போன் வைத்துக்கொள்ளவில்லை. பெயர் போட வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டானாம். ஷூட்டிங்குக்கு அவனைக் கூட்டிவந்த ஆளின் நம்பருக்கு அடித்தால், அப்படி ஒரு நம்பரே இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. தினமும் ஒரு தடவை அடித்துப் பார்க்கிறேன்.

இன்னமும் அவன் என் கௌரவத்தைக் காப்பாற்றுகிறானா, குத்திக்காட்டுகிறானா? படுத்தால் இதுதான் யோசனை. இரண்டும் சேர்ந்ததுதான் எத்தி. கேலி பண்ணிக்கொண்டே கை கொடுப்பான்.

இந்தப் பத்திரிகை எங்கெல்லாம் போகிறது என்று எனக்குத் தெரியாது. இடப்பக்கம் சாய்ந்து நடக்கிற ஒரு பெரியவரை உங்கள் ஊரில் பார்த்தால், இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். டீக்கடையில் இதில் பஜ்ஜி மடித்துக் கொடுத்தாலும் சரி, பிரித்துப் படிக்கிற பழக்கம் அவனுக்கு உண்டு.

எத்தி, அன்றைக்குக் குவாரியில் மேனேஜர் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். உனக்கு விழத் தெரியும். எனக்குத்தான் தைக்கத் தெரியவில்லை.